வந்த முதல் வாரம்தான் கண்டம்

போன கார்த்திகை தீபத்துக்கு முன் பன்னிரண்டு குஞ்சு வாங்கினேன், நாலுதான் பிழைத்தது. தப்பு என்னுடையதுதான். மொட்டை மாடியில் மழைக்காற்று அடிக்கும்போது, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று பல்பைக் காலையிலேயே அணைத்துவிட்டேன்.

முதல் வாரம் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி சூடு வேண்டும். அளவைக் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். கீழே உமி போடுங்கள். நனைந்ததை அன்றே மாற்றுங்கள், இரத்தக்கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும். பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டாம்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு தடுப்பு மருந்து. நோய் வந்தபின் குணமாக்க மருந்தில்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் வருமே என்று காத்திருக்காதீர்கள். அது எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு. சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பியில் பெரும்பாலும் நூறு குஞ்சுக்காவது மருந்து இருக்கும். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஐந்து குஞ்சுக்காக யார் குப்பியைத் திறப்பார்கள்? அதனால் நம் தெருவில் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்குவோம். ஐஸ் பெட்டி என்னிடம் இருக்கிறது.