வெயிலில் எழுதிய பனிப் பாட்டுகள்

(டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை மாலை, நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் படம் திரையிடுவதற்கு முன் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



புரொஜெக்டரோடு நம் பிள்ளைகள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியாகும்வரை யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார். குழந்தைகளுக்கு முன்னால் பாய் விரித்திருக்கிறோம், அங்கே வந்து உட்காரலாம். நாற்காலிகளைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

இந்தத் திரையிடல் பற்றி அறிவிப்பு போனதும் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கருத்து வந்தது. "ஒரு மதத்தின் பண்டிகை, பொதுக் கூடத்தில் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு வேறு வருத்தம். "சான்டாவும் பனியும் மணியும் கிறிஸ்துமஸ் ஆகிவிடுமா? ஆண்டவர் பிறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத பாட்டை எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு என்கிறீர்களே" என்றார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. அதைத்தான் கொஞ்சம் பிரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் நம் காதில் விழுவது இரண்டு வகைப் பாட்டு. ஒன்று, வழிபாட்டுக்குரிய பாட்டு. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1818 டிசம்பர் 24 இரவு, ஜோசப் மோர் என்ற உதவிப் பாதிரியார் எழுதிய வரிகளுக்கு ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர் மெட்டமைக்க, ஒரே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு இருவரும் பாடினார்கள். அதுதான் 'சைலன்ட் நைட்'. இன்றைக்கு உலகத்தில் பல மொழிகளில் அதைப் பாடுகிறார்கள். நம் ஊர்க் கீத பவனியிலும் பாடுகிறார்கள். அந்தப் பாட்டை மால் எஸ்கலேட்டரிலும் நம் லிஃப்ட் ஸ்பீக்கரிலும் பின்னணி ஓசையாக ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. சுப்ரபாதத்தை டிஸ்கவுண்ட் விளம்பரத்துக்குப் போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும்.

இரண்டாவது வகை, சீசன் பாட்டு. பனி, நெருப்பு மூட்டிய அறை, வீட்டுக்குத் திரும்புவது, இவைதான் அதில் வரும். இவற்றில் பல, எனக்குத் தெரிந்தவரை, 1940-களின் அமெரிக்காவில் பிறந்தவை. அவை பிறந்த கதை நம் சென்னைக்காரர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். ஏனென்றால் அவற்றில் பல, நல்ல வேகாத வெயிலில் எழுதப்பட்டவை.

1945 ஜூலை. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கடும் வெயில். மெல் டோர்மே என்ற இளைஞர் தன் நண்பர் ராபர்ட் வெல்ஸ் வீட்டுக்குப் போகிறார். பியானோ மேல் ஒரு காகிதத்தில் நான்கு வரி கிடக்கிறது. கஷ்கொட்டை நெருப்பில் வறுபடுவது, மூக்கைக் கடிக்கும் குளிர், இப்படி. என்ன இது என்று கேட்டால், "புழுக்கம் தாங்கவில்லை, குளிர்ச்சியாக எதையாவது நினைத்து எழுதினால் உடம்பு குளிருமா என்று பார்த்தேன்" என்கிற மாதிரி பதில். முக்கால் மணி நேரத்தில் பாட்டு தயார். அடுத்த ஆண்டு நாட் கிங் கோல் பாடி ஒலிப்பதிவானது. அதே 1945 ஜூலையில், அதே ஹாலிவுட்டில், சாமி கான், ஜூல் ஸ்டைன் என்ற இருவர் 'லெட் இட் ஸ்னோ' பாட்டை எழுதினார்கள். அதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. அவர்கள் இருவரும் யூதர்கள். 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டிலும் அந்தச் சொல் கிடையாது. 1857-இல் வெளியான அது, குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஜாலியாகப் போவதைப் பற்றியது. டிசம்பர் முடிவதற்குள் நம் பார்க் ஸ்பீக்கரில் அதை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு வேண்டாம்.

ஆனால் நான் அதிகம் சொல்ல நினைப்பது 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டைப் பற்றி. எழுதியவர் இர்விங் பெர்லின். 1888-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். ஐந்து வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்து இறங்கினார். இசைக் குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாமலே நூற்றுக்கணக்கான பாட்டுப் போட்டார். அவருக்குக் கிறிஸ்துமஸ் மதப் பண்டிகை இல்லை. அது மட்டுமில்லை. அவருடைய ஒரே மகன், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை, இறந்தது 1928 டிசம்பர் 25 அன்று. அந்த மனிதர்தான் உலகமே பாடும் கிறிஸ்துமஸ் பாட்டை எழுதினார்.

பாட்டுக்கு முதலில் ஒரு முன்பகுதி இருந்தது. வெயிலடிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில், பனைவகை மரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, டிசம்பர் 24 ஆகிவிட்டதே, நான் வடக்கே இருக்க வேண்டியவனாயிற்றே என்று ஒருவன் ஏங்குவது. நாம் கேட்கும் பிங் கிராஸ்பி ஒலிப்பதிவில் அந்த முன்பகுதி இல்லை. அதனால் அது பனிக்கு நடுவே இருந்துகொண்டு பாடுவது போல நமக்குத் தோன்றுகிறது. அப்படியில்லை. பனி இல்லாத இடத்தில் இருப்பவன் பாடுகிற பாட்டு அது.

கிராஸ்பி அதை முதலில் வானொலியில் பாடியது 1941 கிறிஸ்துமஸ் அன்று. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து 18 நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு 'ஹாலிடே இன்' படத்தில் வந்தது. கடல் தாண்டிப் போரில் நின்ற சிப்பாய்கள் ராணுவ வானொலிக்கு எழுதி எழுதி இந்தப் பாட்டைக் கேட்டார்கள். பசிபிக் தீவில் தென்னை மரத்தடியில் நிற்பவனுக்குப் பனி எதற்கு? வீடு வேண்டும், அவ்வளவுதான். ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1975 ஏப்ரலில் சைகோனை விட்டு அமெரிக்கர்கள் கிளம்பியபோது, ரகசியப் புறப்பாட்டுச் சைகையாக வானொலியில் ஒலிபரப்பானதும் இதே பாட்டுதான். ஏப்ரல் மாதக் கொதிப்பில் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' கேட்டால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம்.

1943-இல் கிராஸ்பி இன்னொன்று பாடினார். 'ஐ'ல் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்'. சிப்பாய் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது போன்ற பாட்டு. வருகிறேன், இதை இதைத் தயாராக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அது கனவில்தான் என்று முடியும். முதல்முறை அர்த்தம் புரிந்து கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். "இந்த வருஷம் வந்துடுவேன்மா" என்று ஜூனில் சொல்வாள். அக்டோபரில் டிக்கெட் விலை சொல்வாள். டிசம்பரில் போட்டோ அனுப்புவாள். பனி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "காலையில் எழுந்து மண்வெட்டியால் வாசலைத் தள்ளிப் பார், அப்புறம் பாட்டுப் பாடத் தோணாது" என்கிறாள்.

இந்தக் கூடத்தில் என்னைப் போல எத்தனை பேர் என்று எண்ணவேண்டாம். நம் ஏழு மாடியிலும் பிள்ளைகள் வெளிநாட்டில், இரண்டு பேர் மட்டும் இங்கே, சில வீட்டில் ஒருவர் மட்டும் என்று இருக்கிறோம். ராத்திரி எட்டரைக்கு எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் வீடியோ கால் மணி அடிக்கும். இந்தப் பாட்டுகளை எழுதியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் நம்மைத் தெரியாது. ஆனால் யாருக்காக எழுதினார்கள் என்றால், நம்மைப் போன்றவர்களுக்காகத்தான்.

சினிமாவுக்கு வருகிறேன். 'ஹோம் அலோன்' தெரியாத குழந்தை இங்கே இல்லை. 1990-இல் வந்தது. திருடர்கள் வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அதில் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் வருவார், நினைவிருக்கிறதா? உப்புத் தூவிக்கொண்டே நடப்பார், கொலைகாரர் என்று தெருப் பிள்ளைகள் வதந்தி கிளப்பியிருப்பார்கள். சர்ச்சில் அந்தப் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகனோடு பேச்சே இல்லை, பேத்தி பாடுவதைத் தூரத்திலிருந்து கேட்கத்தான் வந்தேன் என்பார். படத்தின் உயிரே அந்த ஐந்து நிமிடம் என்பது என் அபிப்பிராயம். என் பேரன் அந்த இடத்தில்தான் ஃபாஸ்ட் ஃபார்வர்டு செய்வான். ஜான் வில்லியம்ஸ் இசைக்காகவாவது அடுத்த முறை தாண்டாமல் பாருங்கள்.

இன்று போடப்போவது அதைவிடப் பழசு. 1946-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட்'ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. கறுப்பு வெள்ளை. 130 நிமிடம். ஏன் இது என்றால், முதல் காரணம் சாதாரணமானது. வீட்டு ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டும்தான். அதை வைத்துக் கூடத்தில் நூறு பேருக்குப் படம் காட்டக் கூடாது. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான காப்புரிமை 60 ஆண்டு. இந்தப் படம் வந்து எண்பதை நெருங்குகிறது. இரண்டாவது காரணம், இது நம்மைப் போன்ற வீட்டுக் கடன்காரர்களின் கதை.

கதாநாயகன் ஜார்ஜ் பெய்லி நடத்துவது ஒரு வீட்டுக் கடன் சங்கம். ஊரை விட்டு உலகம் சுற்றக் கிளம்ப வேண்டும் என்று ஆசை, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தடுத்துவிடும். ஒருவர் கவனக்குறைவால் சங்கத்தின் 8,000 டாலர் தொலைந்துபோக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஒரு பாலத்தின் மேல் போய் நிற்கிறான். மிச்சத்தைச் சொல்ல மாட்டேன். அந்தப் பாலக் காட்சி கனமானது. சின்னக் குழந்தைகள் பயந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போர் விமானியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து நடித்த முதல் படம் இது. அவர் கண்ணில் தெரிகிற களைப்பு முழுக்க நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தில் கொட்டும் பனியைக் கவனியுங்கள். படப்பிடிப்பு நடந்தது கலிஃபோர்னியாவில், கோடையில். அதுவரை சினிமாவில் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைப் பனியாகத் தூவுவார்கள். காலடியில் நொறுங்கும் சத்தத்தால் வசனத்தைப் பிறகு பதிவு செய்ய வேண்டியிருக்கும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையில் சோப்பும் நீரும் கலந்து புதுப் பனி தயாரித்தார்கள். ஆஸ்கார் குழு அதற்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. ஆக, நம் லாபிக் குடிலில் பிள்ளைகள் பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஹாலிவுட்டும் அதையேதான் செய்தது.

வெளியானபோது படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974-இல் அமெரிக்காவில் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் டிவி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பத் திரும்பப் போட்டன. அப்படித்தான் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் பண்டிகைப் படம் ஆனது. ஆங்கிலம் வேகமாக இருக்கும், எழுத்து கீழே ஓடும். அதுவும் சிரமம் என்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் கதைச்சுருக்கம் வாசல் மேசையில் இருக்கிறது. அதில் முடிவு கிடையாது.

புரொஜெக்டர் வந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

24-ஆம் தேதி கீத பவனி இந்த முறை ஏழு மணிக்கே தொடங்கும், ஒன்பதுக்குள் முடியும். திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதோடு, ஸ்பீக்கர் இல்லாமல் கிட்டாரும் குரலுமாகப் பாடினாலே நம் மாடிப்படியில் நன்றாக எதிரொலிக்கும். கதவைத் திறக்க விரும்பாதவர்கள் திறக்க வேண்டியதில்லை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தனியாக இருப்பவர்கள் வீட்டு வாசலில் மட்டும் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. நம் கேட்டில் இரவுப் பணியில் இருக்கும் இரண்டு தம்பிகளில் ஒருவர் மணிப்பூர், ஒருவர் ஜார்க்கண்ட். இருவரும் கிறிஸ்தவர்கள். இந்த வருஷமும் ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. நடுநிசி ஆராதனைக்காவது போய்வர முடியுமா என்று கேட்டார்கள். ஏஜென்சியில் அன்றைக்கு மாற்று ஆள் இல்லையாம். இரவு பதினொன்று முதல் இரண்டு மணி வரை கேட்டில் நாமே உட்கார்ந்தால் போதும், ஏஜென்சியிடம் செயலாளர் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டார். ஒரு நேரத்துக்கு இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு ஷிஃப்ட், மொத்தம் நான்கு பேர் வேண்டும். பார்சல் வந்தால் வாங்கி வைக்க வேண்டும், வண்டி எண் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொசு உண்டு, ஓடோமாஸ் நான் தருகிறேன்.

முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன். மூன்று இடம் காலியாக இருக்கிறது. நோட்டு டீ மேசையில், பிளம் கேக் தட்டுக்குப் பக்கத்தில். இடைவேளையில் எழுதலாம்.

தம்பி, லைட்டை ஆஃப் பண்ணலாம்.