கண்ணோரத்து வீக்கமும் கைவிடக் கூடாத படங்களும்



சுகாதாரத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் பேசுகிறோம். எங்களில் பலருடைய தாய்மார் பசறை, ஹாலிஎல, நமுனுகுல பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் வயதில் வரக்கூடிய ஒரு நோயைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

கண்ணைச் சுற்றி வரும் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் அரிதானது. பெரும்பாலும் 60 வயதை அண்டியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் வருகிறது. இமையில் வலியில்லாத தடிப்பு, கண்வெள்ளையில் இளஞ்சிவப்புப் படலம், ஒரு கண் மெல்ல முன்தள்ளுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வலி இல்லாததால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். குறையாத வீக்கத்தைக் கண் கிளினிக்கில் காட்டியே ஆகவேண்டும்.

அங்கே சீ.டீ. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். இக்கட்டி பெரும்பாலும் கண் உருண்டையை நசுக்காது. ரொட்டிக்குப் பிசைந்த மாவைப் போல அதன் வளைவோடு ஒட்டிப் படரும். எலும்பை அரிப்பதும் குறைவு. ஆனாலும் படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும். சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் நோய் உறுதியாகும். அந்தச் சிறு சத்திரசிகிச்சைக்குப் பயந்து நின்றுவிடக் கூடாது.

நோய் உடம்பில் வேறெங்கும் உண்டா என்று அறிய பெட் ஸ்கேன் உதவும். கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோசை ஊசியில் ஏற்றுவார்கள். அதை அதிகம் உறிஞ்சும் இடம் படத்தில் பளிச்சிடும். நீரிழிவு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இந்த இயந்திரம் வேண்டுமென்று 2016இல் நாட்டு மக்களே நிதி சேர்த்தது நினைவிருக்கும். மெதுவாக வளரும் வகை இதில் மங்கலாகத் தெரியலாம். ஆகவே கண்ணுக்கு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும்.

மெதுவாக வளரும் வகை குறைந்த அளவு கதிர்ச்சிகிச்சைக்கே நன்கு கட்டுப்படும். ஆயினும் பல வருடங்கள் கழித்து மற்றக் கண்ணிலோ வேறு இடத்திலோ திரும்பலாம். எனவே கண் பார்வைக்குச் சரியாகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்தக் கூடாது. தொடர்ந்து கண்காணிப்பது என்றால் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுவதுதான். லயத்தில் கூரை ஒழுகி படம் நனைந்தால் அந்த ஒப்பீடு போய்விடும். படங்களை இறுவட்டில் கேட்டு வாங்கி, அறிக்கையோடும் கிளினிக் கொப்பியோடும் ஒரே பையில் வையுங்கள்.

பதுளையிலிருந்து மஹரகமவுக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் நாட்சம்பளம் போகும். பலர் இடையில் நின்றுவிடுவது இதனால்தான். கொழும்புப் பக்கம் வாழும் சகோதரிகள் ஓர் இரவு தங்க இடம் கொடுக்கலாம். வெளிநாட்டிலுள்ளோர் பயணச் செலவை ஏற்கலாம். நூறு வருடம் நம்மைப் படிக்கவைத்த மலைக்கு இதையாவது செய்வோம்.