கடன் வரலாறும் நம்முடைய துண்டும்

(தம்பிலுவில்லில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடன் வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளையின் படிப்பு, வீட்டுக்கூரை, வைத்தியச் செலவு என்று வந்தால் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. வங்கிக்குப் போனால் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை" என்கிறார். கெட்ட பெயர் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பெயரே இல்லை என்கிறார். இதற்கு என்ன அர்த்தம், நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு பழைய சங்கதி. கங்காணி காலத்தில் நம்முடைய முன்னோருக்கும் ஒரு கடன் பத்திரம் இருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த கடிதம் அது. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும், பிறகு அதே கடன் புதிய தோட்டத்துக் கணக்கில் ஏறும். ஆள் இடம் மாறினாலும் கடன் கூடவே போனது. கடன்பட்டவருக்கோ அந்தக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க வழியில்லை. 1921இல் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள்.

இன்றைக்கும் நம்முடைய கடனை எழுதி வைக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை கொடுகடன் தகவல் பணியகம்தான் அது. சனங்கள் கிரிப் என்று சொல்வார்கள். வங்கிகளும், மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிதிக் கம்பனிகளும், லீசிங் கம்பனிகளும் நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை எல்லாவற்றையும் அங்கே அனுப்புகின்றன. நாம் பிணை நின்ற கடனும் அதில் வரும், திரும்பிய காசோலையும் வரும். இப்போது அறிக்கையோடு ஒரு புள்ளியும் போடுகிறார்கள்.

அந்தப் புள்ளியில் காலத்துக்கு என்ன வேலை? அமெரிக்காவில் 1989 முதல் இருக்கும் ஃபைகோ என்ற முறை தன்னுடைய கணக்கை வெளியே சொல்லியிருக்கிறது. தவணையை ஒழுங்காகக் கட்டியதற்கு 35 வீதம், எவ்வளவு கடன் மீதி இருக்கிறது என்பதற்கு 30 வீதம், கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 வீதம், புதிய கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. ஆறு மாத வரலாறாவது இல்லாவிட்டால் புள்ளியே கிடையாது. இந்தியாவின் சிபில் புள்ளி 300 முதல் 900 வரை போகும். அங்கேயும் வரலாறு இல்லாதவருக்கு அந்த எண் கிடைப்பதில்லை.

நீளம் என்றால் மிகப் பழைய கணக்கின் வயதை மட்டும் பார்ப்பதில்லை. எல்லாக் கணக்குகளின் சராசரி வயதையும் பார்ப்பார்கள். ஒருவருக்குப் பத்து வருடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே மாதத்தில் மூன்று புதிய கடன் எடுக்கிறார். பத்தை நாலால் பிரியுங்கள். சராசரி இரண்டரை வருடம். ஒரு குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன், அதை அடைக்க மற்றொன்று என்று போகும்போது வட்டியும் ஏறுகிறது, வரலாறும் குறுகுகிறது. நுண்கடனால் எத்தனை வீடுகள் நொந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தது இதற்காகத்தான்.

இனி நியாயத்தைக் கேட்போம். கடைக் கொப்பிக் கடனை முப்பது வருடமாக மாதாமாதம் தீர்த்த அம்மா இருக்கிறார். ஒரு சீட்டுக்காசு தவறாதவர், பஜாரில் அடகு வைத்த தோட்டை ஒவ்வொரு முறையும் மீட்டவர். இந்த நாணயம் எதுவும் கிரிப்புக்குத் தெரியாது. கடைக்காரரும் சீட்டுப் பிடிப்பவரும் அங்கே விபரம் அனுப்புவதில்லை. வங்கிச் சேமிப்பும் அதில் வராது, அது கடன் பதிவு மட்டும்தான்.

நம்முடைய வரலாறு குறுகியதற்கு நாமா காரணம்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. குடியுரிமை இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் வங்கி இல்லை. லயத்துக்கு உறுதியும் இல்லை, ஈடு வைக்க என்ன இருக்கிறது? 2023இல் இருநூறு வருட வரலாற்றை நினைவுகூர்ந்த சமூகத்தைப் பார்த்து வரலாறு இல்லை என்கிறது கணினி. சம்பளப் பதிவையும் சிக்கனச் சங்கக் கொப்பியையும் கடன் கொடுப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். காணி உறுதிக் கோரிக்கைக்கும் இதுவும் ஒரு காரணம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஒன்று: அடையாள அட்டையோடு வங்கியில் கேட்டு உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கிரிப்புக்கும் எழுத்தில் கொடுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டு: புள்ளிக்காக என்று கடன் எடுக்க வேண்டாம். உண்மையான தேவைக்கு, அனுமதி பெற்ற இடத்தில், கட்டக்கூடிய சிறு கடன் ஒன்று எடுங்கள். சம்பளம் பத்தாம் திகதி என்றால் தவணையைப் பதினைந்தில் கேட்டு வாங்குங்கள். தீர்த்த கடன் உடனே அழிந்துபோவதில்லை, அறிக்கையில் சில காலம் நல்ல சாட்சியாக நிற்கும்.

மூன்று: மச்சானுக்கு, கூட்டாளிக்கு என்று யோசிக்காமல் பிணைக் கையெழுத்து வைக்காதீர்கள். அவர் தவறினால் உங்கள் அறிக்கையிலும் அந்தக் கறை தெரியும். அடையாள அட்டையையும் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

நான்கு: "காசு தா, கிரிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். கறுப்புப் பட்டியல் என்று அங்கே ஒன்று கிடையாது. நல்லதும் கெட்டதும் சேர்ந்த பதிவுதான் இருக்கிறது. பழைய பாக்கியை மாற்றும் ஒரே வழி, கடன் கொடுத்த இடத்தில் பேசித் தவணையைத் திருத்தி, கட்டத் தொடங்குவது.

தவணையை இந்த மாதமே ஒழுங்காக்கலாம். காலத்தை மட்டும் யாராலும் முன்கூட்டி வாங்க முடியாது. அதனால் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

துண்டு காலத்தில் நம்மைப் பற்றி எழுதியதை நாம் பார்க்க முடியவில்லை. இன்றைக்குப் பார்க்கலாம், பிழை என்றால் திருத்தக் கேட்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்துவோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அறிக்கையைக் கையில் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.