தெரியாத ஆட்டமே தித்திக்கும்!



"பார்ப்பதில் இன்பம் மிகுதி தெரிந்த ஆட்டத்திலா, தெரியாத ஆட்டத்திலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி, "விதி தெரியாதவனுக்கு விளையாட்டிலே என்ன விருந்து?" அப்படின்னு கேட்டுட்டு உட்கார்ந்துட்டார். நீங்களும் தலையை ஆட்டினீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்! (சிரிப்பு)

ஐயா, தெரிந்த ஆட்டத்தைப் பார்க்கிற லட்சணம் நமக்குத் தெரியாதா? டி.வி.யிலே கிரிக்கெட் ஓடுது. வீட்டுக்காரர் சாய்ஞ்சுகிட்டு, "இப்ப பாரு, மெதுவாப் போடுவான்"ங்கிறார். போடுறான். "சொன்னேன்ல!" அவ்வளவுதான் இன்பம். அவர் ஆட்டத்தைப் பார்க்கலைங்க. தன் அறிவைத் தானே பார்த்து ரசிச்சுக்கிட்டிருக்கார்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் ஓர் ஆட்டம் சொல்றேன். சக்கர நாற்காலி ரக்பி. பார்த்தவங்க கையைத் தூக்குங்க. மூணு கை! அதிலே ஒண்ணு மைக் செட்டுக்காரர். (சிரிப்பு)

2024 பாரிஸ் பாராலிம்பிக் இறுதி ஆட்டம். ஜப்பானும் அமெரிக்காவும். அந்தப் பதிவை என் மகன் போட்டுக் காட்டினான். பக்கத்திலே என் மாமியார். ஆட்டக்காரர்கள் வரிசையா உள்ளே வர்றாங்க. கால் அசையாதவங்க, விரல் மடங்காதவங்க, கை முழுசா இல்லாதவங்க. மாமியார் உடனே, "ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளைகளோ"ன்னு முந்தானையை எடுத்துட்டாங்க. அடுத்த நிமிஷம் "டமார்"னு ஒரு சத்தம்! ரெண்டு நாற்காலி நேருக்கு நேர் மோதுது. ஒருத்தர் நாற்காலியோட கவிழ்ந்துட்டார். ஓடிவந்து தூக்கி நிமிர்த்துறாங்க. அவர் பாட்டுக்குச் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு மறுபடியும் மோதப் போறார்!

இடிக்கிறது குற்றமில்லீங்க. நாற்காலி நாற்காலியை இடிக்கலாம். ஆள்மேலே கை படக்கூடாது. ஆபத்தாப் பின்பக்கம் இடிச்சுச் சுழற்றிவிடக் கூடாது. பந்து வாலிபால் மாதிரி உருண்டை. கூடைப்பந்து ஆடுற மைதானம்தான். பந்தை மடியிலே வச்சுக்கிட்டு ரெண்டு சக்கரமும் கோட்டைத் தாண்டினா ஒரு கோல். 40 விநாடிக்குள்ளே தாண்டணும். 10 விநாடிக்கு ஒருதரம் பந்தைத் தட்டணும், இல்லே இன்னொருத்தருக்குக் கொடுக்கணும். இவ்வளவும் எனக்கு யாரும் சொல்லித் தரலை. விசில் அடிக்கிறப்பெல்லாம் "ஏன் அடிச்சார்? ஏன் அடிச்சார்?"னு நானும் மாமியாரும் கேட்டுக்கேட்டு, கால்வாசி ஆட்டத்துக்குள்ளே பாதி விளங்கிடுச்சு. தம்பி, விதி தெரிஞ்சவனுக்குக் கிடைக்கிறது ஆறின சோறு. நாங்க அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, உங்க மாமியார் எந்தக் கட்சி? ஜப்பானா, அமெரிக்காவா?

இடிக்கிறவங்க கட்சி ஐயா! (சிரிப்பு)

இன்னொண்ணு கேளுங்க. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடல் இயங்குற அளவைப் பார்த்து ஒரு எண் உண்டு. ரொம்பக் குறைவா இயங்குறவருக்கு 0.5. நல்லா இயங்குறவருக்கு 3.5. களத்திலே ஓர் அணிக்கு நாலு பேர். நாலு பேர் எண்ணையும் கூட்டினா 8-ஐத் தாண்டக் கூடாது. பெண் ஆடினா ஒருத்தருக்கு அரை எண் சலுகை. ஆமாங்க, ஆணும் பெண்ணும் ஒரே அணியிலே! டோக்கியோ பாராலிம்பிக், 2021-ல் நடந்ததே, அதிலே தங்கம் வாங்கின பிரிட்டன் அணியிலே கைலி கிரைம்ஸ் என்கிற பெண் இருந்தாங்க. இந்த ஆட்டத்திலே பாராலிம்பிக் தங்கம் வாங்கின முதல் பெண் அவங்கதான்.

முதல்லே என் கண்ணு பந்து போற பக்கமே ஓடுச்சு. மாமியார்தான், "பந்தை விடு, அங்க ஓரத்திலே பாரு"ன்னாங்க. பார்த்தா, கையிலே வலுவே இல்லாத ஒருத்தர். அவர் நாற்காலிக்கு முன்னாலே கம்பி நீட்டிக்கிட்டிருக்கு. வேகமா வர்ற 3.5 ஆளோட சக்கரத்திலே அதைக் கொடுத்து மாட்டிட்டார். அந்தப் பெரிய ஆள் திமிறுறார், திருப்புறார், நகர முடியலை. அதுக்குள்ளே அந்தப் பக்கம் கோல்! கோல் போட்டவர் பேர் பலகையிலே வந்துச்சு. பிடிச்சு வச்சவர் பேர் வரலை. எங்க வீட்டிலே கைதட்டினது அவருக்குத்தான். (கைதட்டல்)

இந்த ஆட்டம் பிறந்த கதையே அதுதான் ஐயா. 1970-களிலே கனடா நாட்டு வின்னிபெக் நகரத்திலே சில பேர் உருவாக்கினாங்க. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அப்பவே இருந்துச்சு. ஆனா கையும் பாதிக்கப்பட்டவங்களுக்கு அதிலே பெரிய வேலை இல்லை. சும்மா சுத்தி வரலாம். "எங்களுக்குன்னு ஒரு ஆட்டம் வேணும்"னு செஞ்சாங்க. அதுக்கு முதல்லே வச்ச பேர் 'மர்டர்பால்'. கொலைப்பந்து! 2000 சிட்னியிலிருந்து பாராலிம்பிக்கிலே பதக்க ஆட்டமாயிடுச்சு.

எதிரணி அம்மா ஒருத்தர், "இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்த்தால் இன்பம் வராது, இரக்கம்தான் வரும்"னு சொன்னாங்க. அம்மா, அங்கே ஒருத்தர் கோல் போட விடாம இன்னொருத்தரை மடக்குறார். அவரைப் பார்த்து "பாவம்"னா அவருக்குக் கோபம் வராதா? நாம "பாவம்"னு சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை வாசப்படி தாண்ட விடாம உட்கார வச்சிருக்கோம்? தெருவிலே பையன்கள் ஆடுறப்போ, "நீ விழுந்துடுவே"ன்னு திண்ணையிலே நிறுத்தி வச்சோமே, அந்தப் பிள்ளையை ஒருநாள் கேட்டோமா? இவங்க விழுறாங்கம்மா. விழுறதுக்குன்னே வர்றாங்க. (நீண்ட கைதட்டல்)

கடைசி எட்டு நிமிஷம். முந்தானை எப்பவோ இறங்கிடுச்சு. என் மாமியார் பலகையிலே எழுந்து நின்னு, "அடைச்சு நில்லுடா! வழி விடாதே!"ன்னு கத்துறாங்க. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்துட்டாங்க, எங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு நினைச்சு! (பலத்த சிரிப்பு) 48-க்கு 41. ஜப்பானுக்குத் தங்கம்.

(மணி ஒலிக்கிறது)

ஒரு நிமிஷம் ஐயா. 2016 ரியோ இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும். சமன். கூடுதல் நேரம் கொடுத்தாங்க, மறுபடி சமன். இரண்டாவது கூடுதல் நேரத்திலே 59-க்கு 58, ஆஸ்திரேலியா. அந்த அணியிலே ரைலி பாட். பிறக்கும்போதே கால் இல்லை. 12 வயசு வரைக்கும் சக்கர நாற்காலியிலே உட்காரவே மாட்டேன்னு அடம்பிடிச்சவர். பலகையிலே சக்கரம் வச்ச ஸ்கேட்போர்டிலேதான் திரிஞ்சார். அப்புறம் இந்த ஆட்டத்தைப் பார்த்தார். அவருக்கும் அன்னைக்கு அது தெரியாத ஆட்டம்தான் ஐயா! பார்த்தவர், நாற்காலியைக் கொண்டான்னு ஏறி உட்கார்ந்துட்டார். 15 வயசிலே ஏதென்ஸ் பாராலிம்பிக்.

(கைதட்டல்)