இடாப்பிலிருந்து நீங்கிய பெயர்கள்

 

இந்த உரைக்கு என்னை அழைத்த அறக்கட்டளை ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்டது. ஒரு பிள்ளை தொடர்ந்து சில நாள் வகுப்புக்கு வராவிட்டால் அந்த வீட்டைத் தேடிப் போய்விடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டோம். ஒரு தனி மனிதர் தம் மனத்தின் ஏவலால் செய்த வேலையை ஓர் உள்ளூராட்சி மன்றம் தன் கடமையாக ஏற்றுச் செய்ய முடியுமா? முடியும் என்றும், செய்தே ஆக வேண்டும் என்றும் சொல்வதற்கே இங்கே நிற்கிறேன்.

1. யாரைப் பற்றிய பேச்சு இது

படிப்பிலும் இல்லை, தொழிலிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்ற நிலையில் இருப்போரை உலக நாடுகள் தனியாகக் கணக்கெடுக்கின்றன. உலகில் 15 முதல் 24 வயது வரையானோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்த நிலையில் இருப்பதாகச் சர்வதேச தொழில் அமைப்பு சொல்கிறது. ஆண்களை விடப் பெண்களிடையே இந்த விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் இவர்களின் விகிதத்தைக் கணிசமாகக் குறைக்க 2020 என்று ஆண்டு குறித்தார்கள். அந்த ஆண்டு வந்து போய்விட்டது.

நம் மூதூரில் இவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாதாரண தரத்தில் கணிதம் தவறி, அடுத்த முறை எழுதுவோம் என்று வீட்டில் இருந்துவிட்ட பெண்பிள்ளை. கரைவலை இழுக்க ஆள் தேவைப்படும் நாளில் மட்டும் கூலி காணும் பையன். அறுவடைக் காலத்தில் வயலுக்கும் மற்றக் காலத்தில் செங்கல் சூளைக்கும் போகிறவன். கட்டார் விசா வரும் என்று ஏஜென்சிக்காரரின் தொலைபேசிக்குக் காத்திருப்பவன். இவர்களில் எவரும் சோம்பேறி அல்லர். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காட்ட ஆளில்லாதவர்கள் இவர்கள்.

2. ஷாபி நகரிலிருந்து ஒரு பிள்ளை

இந்த ஊரில் நின்று இதைப் பேசும் எவரும் ரிசானா நபீக்கின் பெயரைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. மூதூரின் ஷாபி நகரைச் சேர்ந்த அவர் 1988 பெப்ரவரியில் பிறந்தவர். 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. போன சில வாரங்களுக்குள் அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அவர்மேல் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

அந்தத் தண்டனையைப் பற்றியும் அந்த நாட்டின் சட்டத்தைப் பற்றியும் உலகம் நிறையப் பேசிவிட்டது. நமக்கு உரிய கேள்வி வேறு. அது 2005க்கும் முந்தியது. பாடசாலையில் இருக்க வேண்டிய வயதுப் பிள்ளை ஒருவர் அங்கிருந்து நீங்கிய நாளுக்கும் விமானம் ஏறிய நாளுக்கும் இடையில், "மகள், இனி என்ன செய்யப் போறீங்க?" என்று உரிமையோடு கேட்க அரச பொறுப்பில் எவராவது இருந்தாரா? அந்த இடைவெளியில் அந்த வீட்டுக்கு வழி தெரிந்து போனவர் தரகர் ஒருவர்தான்.

2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். போகாதே என்று தடுக்க ஓர் அறிக்கை உண்டாயிற்று. இங்கேயே இருந்தால் இன்னது செய்யலாம் என்று சொல்ல ஓர் ஏற்பாடு உண்டாகவில்லை.

3. பதினாறு வயதில் அறுந்துபோகும் பொறுப்பு

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கிய ஒழுங்குவிதிகள் 1997இல் வந்தன. ஊர்தோறும் பாடசாலை வரவுக் குழு இருக்க வேண்டும் என்பதும் அவற்றின் ஏற்பாடு. 2016இல் அந்த வயது 16 ஆக்கப்பட்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆயிற்று. நல்ல சட்டங்கள் இவை. ஆனால் 16 நிறைந்த மறுநாள் அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நடப்பதைப் பாருங்கள். பாடசாலை தன் இடாப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுகிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை விண்ணப்பித்தவரை அறியும்; விண்ணப்பிக்காதவரை அதற்குத் தெரியாது. இளைஞர் சேவைகள் மன்றம் கழகத்துக்கு வருபவரை அறியும். பிரதேச செயலகம் உதவி பெறும் குடும்பத்தை அறியும்; அந்தக் குடும்பத்தின் 17 வயது மகன் காலையில் எங்கே போகிறான் என்பது அதன் கோவையில் இருக்காது. அலுவலகங்கள் பல, அலுவலர்களும் பலர். இருந்தும் இந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இது என் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

4. மூதூரின் தனிச் சுமை

இந்த இடைவெளி நாடெங்கும் உண்டு. ஆனால் கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் அது ஆழமானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் வந்தது. 2006 ஓகஸ்டில் போர் வந்தது. மூதூர் நகரமே இடம்பெயர்ந்தது. பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டனர். சம்பூர் மக்கள் 2015 வரை சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியவில்லை. 2000இல் சம்பூரில் பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 6 வயதில் வீட்டை இழந்து, கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் எழுத்துப் படித்து, 15 வயதில் காடு மண்டிய காணிக்குத் திரும்பிய பிள்ளை அது. அந்தத் தலைமுறை இன்று இருபதுகளின் நடுப்பகுதியில் நிற்கிறது. அவர்கள் இழந்த வகுப்புகளை இதுவரை யாரும் ஈடுசெய்யவில்லை.

பாதைப் படகும் லோஞ்சும் இல்லாமல் திருகோணமலைக்குப் போகும் வசதி நமக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 அக்டோபரில். பாலம் வந்த பின் தூரம் குறைந்தது. பஸ் காசு குறையவில்லை. நாட்கூலி வீட்டில் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவு ஒன்று, அன்றைய கூலி இழப்பு இன்னொன்று. இந்த இரண்டுமே பல பயிற்சிகளைப் பாதியில் நிறுத்துகின்றன.

நம் ஊரின் எழுத்தாளர், ஆசிரியர் வ.அ.இராசரத்தினம் 'தோணி' என்ற சிறுகதையில் சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவ இளைஞனைப் படைத்தார். உழைக்கத் தெரிந்தவனுக்கு உழைப்பதற்கான சாதனம் கையில் இல்லை என்ற அந்த ஏக்கம் இன்றும் தீரவில்லை.

5. பின்லாந்து செய்த ஒரு காரியம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2013இல் ஓர் உறுதிமொழி எடுத்தன. 25 வயதுக்குட்பட்ட ஒருவர் படிப்பையோ வேலையையோ விட்டு நான்கு மாதத்துக்குள் வேலை, மேற்படிப்பு, பயிற்சி ஆகியவற்றில் ஒன்று அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அது. எல்லா நாடுகளும் அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் பின்லாந்தின் ஏற்பாட்டில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ஒரு மாணவர் படிப்பை இடையில் விட்டால் கல்வி நிறுவனம் அந்தப் பெயரை உள்ளூராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். 2011 முதல் இது இளைஞர் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளூராட்சியின் இளைஞர் பணியாளர் அவரைத் தேடிப் போவார். வேலை, படிப்பு, நலத்துறை அலுவலர்கள் ஒரே கூரையின் கீழ் அமரும் வழிகாட்டு நிலையங்களும் பல நகரங்களில் உள்ளன.

பின்லாந்தின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர் பெயரைக் கைமாற்றிக் கொடுப்பதில் இருக்கிறது. அதற்கு ஒரு கடிதமும் அதைப் பெற்றுக்கொள்ளும் ஓர் ஆளும் போதும்.

6. பிரதேச சபை செய்யக்கூடிய ஐந்து

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீதி, சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளோடு மக்களின் வசதியையும் நலனையும் பேணி வளர்க்கும் பொறுப்பையும் சபையிடம் கொடுத்திருக்கிறது. ஊர்வாசிகளையும் சேர்த்துக் குழு அமைக்க இடம் தருகிறது. எனவே அதிகாரம் இல்லை என்பது பதிலாகாது.

முதலாவது, பதிவேடு. மூதூர் வலயக் கல்வி அலுவலகத்தோடு உடன்பாடு செய்து, இடைவிலகும் பிள்ளையின் பெயர் பெற்றோரின் சம்மதத்தோடு சபைக்கு வரட்டும். அதை விளம்பரப் பலகையில் ஒட்டக்கூடாது. பொறுப்பாளர் ஒருவரின் காவலில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பாளர். வட்டாரம்தோறும் ஒருவர் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரு தடவை போய்ப் படிவம் நிரப்புவதோடு நில்லாமல், அந்தப் பிள்ளை ஓர் இடத்தில் நிலைகொள்ளும் வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். பெண்பிள்ளைகளின் வீடுகளுக்குப் பெண்களே போக வேண்டும்.

மூன்றாவது, நூலகமும் சனசமூக நிலையங்களும். இவை சபையின் பராமரிப்பிலோ பதிவிலோ உள்ளவை. வாரத்தில் குறித்த நாளில் தொழிற்பயிற்சி, இளைஞர் சேவை, மனிதவலுத் துறை அலுவலர்கள் அங்கே ஒன்றாக அமரட்டும். மாலையில் சாதாரண தரக் கணிதத்தை மறுபடி எழுதுவோருக்கு வகுப்பு நடக்கட்டும். தோப்பூரிலும் சேனையூரிலும் சம்பூரிலும் தனித்தனியே நடந்தால் பஸ் காசுப் பிரச்சினையும் குறையும்.

நான்காவது, கையில் உள்ள தொழிலுக்குச் சான்றிதழ். தேசிய தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள்ளன. பாடநெறி படிக்காமலே, ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியும் உண்டு. வள்ள எஞ்சின் திருத்தும் பையனும், மேசன் வேலை பழகியவனும், தையல் தெரிந்த பெண்ணும் இதற்குத் தகுதியானவர்கள். வெளிநாடு போனாலும் அந்தத் தாள் கையில் இருந்தால் சம்பளத்தைப் பேசிக் கேட்கலாம். விண்ணப்பம் நிரப்பவும் கட்டணம் செலுத்தவும் சபை உதவட்டும்.

ஐந்தாவது, சபையின் சொந்த வேலைகள். வடிகால், வீதிவிளக்கு, சந்தைக் கட்டடம் என்று சபை கொடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பதிவேட்டிலுள்ள ஒருவரையாவது பயிலுநராகச் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனையாகட்டும். சந்தைக் கடைகளில் சிலவற்றை முதல்முறை தொழில் தொடங்குவோருக்கு ஒதுக்கட்டும். சம்பூரில் இந்தியாவின் பங்களிப்போடு 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. அங்கே பொருத்துவதற்கும் பராமரிப்பதற்கும் ஆட்கள் தேவைப்படுவர். காவலாளி வேலையோடு நம் பிள்ளைகள் நின்றுவிடாமல், அந்தத் தொழில்நுட்பத்தில் இப்போதே பயிற்சி கேட்டுச் சபை பேச வேண்டும்.

7. இரண்டு கேள்விகள்

பணம் எங்கே என்று கேட்பார்கள். நான் சொன்னவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே சம்பளம் பெறும் அலுவலர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான். எஞ்சிய சிறு தொகைக்குப் பள்ளிவாசல்களும் கோயில்களும் வெளிநாட்டிலுள்ள நம் உறவுகளும் கைகொடுப்பார்கள். கணக்கு வெளிப்படையாக இருந்தால் நம் மக்கள் கொடுக்கத் தயங்கியதில்லை.

இதிலும் அரசியலும் இனமும் புகுந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் ஊர்வாசிகளையும் சேர்த்த குழு வேண்டும். முஸ்லிம் கிராமத்துப் பிள்ளையும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளையும் ஒரே பதிவேட்டில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். யாருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பெயரின்றி, எண்ணிக்கையாக, காலாண்டுக்கு ஒருமுறை சபையில் வாசிக்க வேண்டும். ஒளித்துச் செய்யும் உதவியில்தான் பாரபட்சம் வளரும்.

8. முதல் தீர்மானம்

இளைஞரின் விரக்தி நாட்டை எங்கே கொண்டுபோகும் என்பதை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அதன் பின் உள்ளூராட்சி வேட்புமனுக்களில் 40 வீதம் இளைஞருக்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு பின்னர் தளர்ந்தது, இன்று கால்வாசி. கதிரையில் இளைஞர் அமர்வது நல்லது. கதிரைக்கு வெளியே நிற்கும் இளைஞருக்காக அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அந்த ஒதுக்கீட்டின் பயனை அளக்கும் கோல்.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமல் கிடந்தோம். 2025 மே 6ஆம் திகதி வாக்களித்து மீண்டும் ஒரு சபையைப் பெற்றிருக்கிறோம். அந்தச் சபையின் இளம் உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தீர்மானம்: "16 முதல் 24 வயது வரை பாடசாலையிலும் தொழிலிலும் இல்லாத ஒவ்வொருவரும் இச்சபையின் பொறுப்பு." இதை ஒருவர் முன்மொழியுங்கள், மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் வழிமொழியுங்கள். பொறுப்பாளர்களின் பெயர்களை அதே கூட்டத்தில் அறிவியுங்கள். அதிபர்களே, இந்த ஆண்டு உங்கள் இடாப்பிலிருந்து நீங்கிய பெயர்களோடு அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள்.

தரகர் போகும் முன் சபை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இந்த ஊர் தன் பிள்ளைகளுக்குப் பட்ட கடன் அது.