ஒரு கால் இங்கே: சரித்திரக் காதல் நவீனத்தில் காலப்பயணம்

(கண்ணமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

இந்த அறக்கட்டளையின் வழியாக நாம் நினைவுகூரும் பெரியவர் நாவல் படிப்பதைக் குற்றமாகக் கருதாதவர் என்று அழைக்க வந்தவர்கள் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தலைப்பைக் கொடுத்தேன். கண்ணமங்கலம் போன்ற நெசவு ஊரில் பேசுகிறவர் பாவு, ஊடை என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவது வழக்கம். அந்தக் கடமையிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள்.

வழக்கு என்னவென்று அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். என் சகாக்கள் பல வருஷமாக இரண்டு சங்கதி சொல்லி வருகிறார்கள். தமிழில் காலப்பயண நவீனம் என்று சொந்தச் சரக்கு கிடையாது என்பது ஒன்று. கல்கி கதைக்கு நடுவில் வந்து வாசகரைக் கூப்பிடுவதும், அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் தாவுவதும் வாரப் பத்திரிகையின் பக்கத்தை நிரப்பும் வேலை, வெட்டினால் நாவல் கச்சிதமாகும் என்பது மற்றது. வெட்டுகிற அந்த இடங்கள்தான் நம்முடைய காலப்பயணம் என்பது என் கட்சி. பழைய காலத்தில் முங்கித் தன்னை மறப்பதற்காகத்தான் ஜனங்கள் சரித்திரக் கதை படிக்கிறார்கள் என்று நினைப்பது தப்பு. ஒரு காலை இங்கே ஊன்றிக்கொண்டு மற்றக் காலை அங்கே வைப்பதில்தான் ருசி.

‘சோலைமலை இளவரசி’யை எடுத்துக்கொள்கிறேன். (மேடையில் ஒரு நண்பர் சிரிக்கிறார். இதைத்தான் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும்.) 1947இல் கல்கி எழுதியது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் போலீஸ் தேடும் குமாரலிங்கம், நள்ளிரவு ரயிலிலிருந்து குதித்துத் தப்பி, இடிந்து கிடக்கும் சோலைமலைக் கோட்டையில் ஒளிகிறான். மணியக்காரர் மகள் பொன்னம்மாள் அவனுக்குச் சோறு கொண்டுவருகிறாள். அவன் கண் அயர்ந்தால் இடிந்த கோட்டை முழுக்கோட்டையாகிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய மாறனேந்தல் உலகநாதத் தேவராக அவன் மாறிவிடுகிறான். எதிரில் நிற்பவள் சோலைமலை இளவரசி மாணிக்கவல்லி. முகம் மட்டும் பொன்னம்மாளுடையது.

இது கனவு, முற்பிறவி நினைவு; காலப்பயணம் ஆகாது என்பார்கள். சரி. 1889இல் மார்க் ட்வெயினின் அமெரிக்கன் ஆர்தர் மன்னன் காலத்துக்குப் போனது எப்படி? மண்டையில் அடி வாங்கி. வெல்ஸ் இயந்திரம் செய்தது அதற்குப் பின், 1895இல். 1991இல் டயானா கேபல்டன் தொடங்கிய ‘அவுட்லேண்டர்’ வரிசையில் 1945இன் நர்ஸ் ஒருத்தி நடுகற்களைத் தொட்டு 1743இன் ஸ்காட்லாந்தில் போய் விழுகிறாள். தடித்தடியாகப் புத்தகங்கள், உலகமே படிக்கிறது. அடிபட்டால் பயணம், கல்லைத் தொட்டால் பயணம், நம் ஊர்ப் பையன் தூங்கினால் மட்டும் வெறும் கனவா? மகள் ரேவதியை அழைத்துக்கொண்டு வரன் கேட்கப் பிரம்மலோகம் போன ககுத்மி திரும்பி வருவதற்குள் 27 சதுர்யுகம் கழிந்துவிட்டது என்று பாகவதம் சொல்கிறது. அந்த ரேவதிக்குப் பலராமர் மாப்பிள்ளையானார். காலம் தாண்டிய கல்யாணம் நமக்குப் புதிதில்லை.

வாகனம் எதுவானால் என்ன, அது வாசகனுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். சோலைமலை ராஜா வெள்ளைக்காரர் பக்கம். மாறனேந்தலோ வெள்ளைக்காரருக்குப் பகை. நூறு வருஷம் கழித்து மணியக்காரரும் சர்க்கார் பக்கம். மகள் மறைத்துவைத்திருப்பவன் சர்க்கார் தேடும் ஆள். இரண்டு பெண்களும் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு விருந்தாளியைக் காப்பாற்றுகிறார்கள். அரண்மனைத் தோட்டத்துப் பேச்சைப் படித்த காதோடு பொன்னம்மாளின் பட்டிக்காட்டுப் பேச்சுக்கு வருகிறோம். அவள் ஒன்றும் விசேஷமாகச் சொல்லவில்லை. சாப்பிடச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் மாணிக்கவல்லியின் குரல் நமக்குக் கேட்கிறது. பொன்னம்மாளுக்கு அது கேட்காது. குமாரலிங்கத்துக்கு அரைகுறையாகக் கேட்கும். முழுதும் கேட்பவர் வாசகர் ஒருவரே. காதல் கதையில் காதலர்களை விட அதிகம் தெரிந்தவராக நம்மை உட்காரவைக்கிறார் கல்கி. இந்தச் சுகத்தை நேர்கோட்டில் போகும் சரித்திரக் கதை தராது.

இன்னொன்று. உலகநாதத் தேவரின் கதை எங்கே போய் முடியும் என்பதை இடிந்த கோட்டையே முதலில் சொல்லிவிட்டது. ஆகவே கவலை இந்தப் பக்கம் திரும்புகிறது: பிடிபட்டால் குமாரலிங்கத்துக்கும் தூக்குக் கயிறுதானா? அதற்கு விடை குமாரலிங்கத்திடம் இல்லை, 1947இன் வாசகரிடம் இருக்கிறது. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் வெள்ளைக்காரன் மூட்டை கட்டும் செய்தி. இரண்டு காலங்களில் நடக்கும் கதைக்கு மூன்றாவது காலம் வாசகரின் திண்ணை. கல்கி அதையும் கணக்கில் சேர்த்தே எழுதியிருக்கிறார். இதைத் தற்செயல் என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். தற்செயல் இவ்வளவு ஒழுங்காக அத்தியாயம் பிரித்து வராது என்று அன்றே சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

கதை சிறியது, நெடிய நவீனத்துக்கு இது எப்படிச் சாட்சியாகும் என்று கேட்கலாம். ‘பொன்னியின் செல்வ’னுக்கு வருவோம். 1950இல் தொடங்கி 1954 வரை வந்தது, ஐந்து பாகம். முதல் பத்தியிலேயே வாசகரைக் காலவெள்ளத்தில் ஓடமேற்றி, 982 ஆண்டு பின்னால் கொண்டுபோய் இறக்குகிறார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், 1950இல் எழுதியது என்று பதிப்புகளில் அடைப்புக்குறி போட்டிருக்கும். இல்லாவிட்டால் இன்று படிப்பவருக்குக் கணக்குத் தப்பும். ஓடம் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டது என்பதும் கதையில் சேர்த்தி என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? சுருக்கப் பதிப்புக்காரர்கள் முதலில் கத்திரி வைப்பது இப்படி ஆசிரியர் தலைகாட்டும் இடங்களில்தான்.

நம் பக்கத்து வாசகருக்கு இந்தக் கதையில் உபரியாக ஒரு லாபம். கண்ணமங்கலத்தில் ரயிலேறிக் காட்பாடி போனால், வாணர் குலத்து வந்தியத்தேவனின் திருவல்லம் அங்கிருந்து அதிக தூரமில்லை. கதையில் கடம்பூர் மாளிகைக்குச் சொந்தக்காரர் சம்புவரையர். சம்புவராயர்கள் அரசாண்ட படைவீடோ நமக்குப் பக்கத்து ஊர். ஆனால் அந்த ஆட்சி 13, 14ஆம் நூற்றாண்டுச் சங்கதி. இரண்டையும் இணைத்துப் பார்ப்பதைச் சரித்திரக்காரர்கள் பிழை என்பார்கள். எனக்கு அதில் சண்டையில்லை. படைவீட்டின் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய்வந்தவர் கடம்பூர் அத்தியாயத்தைப் படிக்கும்போது படைவீட்டு மலை கண்முன் வந்தால், வரட்டுமே.

‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய பழைய ‘கல்கி’ப் பிரதி உங்கள் பரணில் இருந்தால் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். ஓவியர் மணியம் வரைந்த குந்தவை படத்தின் பின்பக்கத்தில் அந்தக் காலத்து விளம்பரம் இருக்கும். புத்தகமாக வந்தபோது போய்விட்ட அந்தப் பக்கங்களும் பயணத்தில் சேர்ந்தவை. இதை விரிக்க நேரமில்லை. தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார்.

வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். கல்கியின் ‘மோகினித் தீவு’ தனி ஆய்வுக்கு உரியது: பழங்காலத்துத் தம்பதி ஒருவரையொருவர் இடைமறித்துத் தங்கள் காதல் கதையை இந்தக் காலத்து ஆளிடம் சொல்கிறார்கள், யார் சொல்வதை நம்புவது? சாண்டில்யனின் சரித்திரக் கதைகளில் இந்த இரட்டைப் பார்வை ஏன் மெலிந்தது என்று யாராவது பார்க்க வேண்டும். ஆரணி ஜாகீர்தாரின் பூசிமலைக்குப்பம் மாளிகை பாழடைந்து நிற்கிறது; அதை வைத்து ஒரு நவீனம் எழுத நம் பிள்ளைகளில் ஒருவர் வரலாம். ‘பொன்னியின் செல்வ’னின் சுருக்கப் பதிப்பையும் மூலத்தையும் முதலாண்டு மாணவர் இருவரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, யார் எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்தார் என்று என் சகாக்கள் குறித்துக்கொண்டு வரட்டும். அதைப் பேசும் கூட்டத்துக்கு நான் வருகிறேன்.