இருபத்தொன்பதாம் நாள்

மருத்துவர்கள்மீது எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கைகளை மருத்துவமனைகள் சட்டப்படி தெரிவிக்கின்றனவா என்பதே இன்றைய பொருள். அமெரிக்காவை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அது பலித்த விதமும் பொய்த்த விதமும் ஏட்டில் பதிவாகியிருக்கின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மருத்துவர் சம்பளத்துக்கு இருந்தாலும் சொந்தமாகத் தொழில் நடத்தினாலும், ஒரு மருத்துவமனைக்குள் சிகிச்சை செய்ய அந்த மருத்துவமனை அவருக்கு உரிமை தர வேண்டும். 1986இல் வந்த சட்டத்தின்படி, திறமைக் குறைவுக்காகவோ தொழில்நடத்தைக் குறைவுக்காகவோ அந்த உரிமையை 30 நாளுக்கு மேல் முடக்கினால் தேசிய மருத்துவர் தரவு வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். விசாரணை நடக்கும்போதே மருத்துவர் விலகிக்கொண்டாலும் தெரிவிக்க வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போதும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவமனை அந்த வங்கியில் விசாரித்துப் பார்க்க வேண்டும். 1990 செப்டம்பர் 1ஆம் தேதி வங்கி திறந்தது. பொதுமக்கள் அதில் பெயர் தேடிப் பார்க்க முடியாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஆண்டுக்கு 5,000 அறிக்கைகள் வரும் என்று அரசுத் தரப்பு மதிப்பிட்டது. மருத்துவத் துறையினரின் மதிப்பீடு 10,000. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு 2009இல் கணக்கெடுத்தபோது, வந்தது ஆண்டுக்குச் சராசரியாக 650. 17 ஆண்டுகளில் ஒரே ஓர் அறிக்கைகூட அனுப்பாத மருத்துவமனைகள் 49 சதவீதம். இது புதுச் செய்தியும் அல்ல. அரசின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 1995இல் இதே குறையைச் சுட்டிக்காட்டியிருந்தது.

இதைப் படித்தவுடன் ‘மூடி மறைக்கிறார்கள்’ என்று சொல்லத் தோன்றும். எனக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. மறைப்பவர்கள் உண்டு, ஆனால் சட்டத்தை ஓரெழுத்துக்கூட மீறாமலே அறிக்கையைத் தவிர்க்க முடியும் என்பதுதான் நாம் ஆராய வேண்டிய இடம். 30 நாளுக்கு மேல் என்றால்தானே தெரிவிக்க வேண்டும்? 29 நாள் தடை போடலாம். அடுத்து மேற்பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அறுவை செய்யக்கூடாது என்று 30 நாளுக்கு மேல் கட்டுப்படுத்தினால் அது தெரிவிக்க வேண்டிய நடவடிக்கை. அதே மூத்தவர் முன்கூட்டிச் சம்மதிக்கவும் வேண்டாம், கூட நிற்கவும் வேண்டாம், அறுவை முடிந்தபின் பதிவுகளைப் பார்த்தால் போதும் என்றால் அறிக்கை வேண்டாம். மருத்துவமனையின் வழக்கறிஞருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். விசாரணை எந்த நாளில் ‘தொடங்கியது’ என்பதும் பெரும்பாலும் அவர் பேனாவில்தான் இருக்கிறது.

டாலஸ் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். கிறிஸ்டோஃபர் டன்ட்ச் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் அங்கே முதலில் பணிசெய்த மருத்துவமனையில் 2012இல் ஒரு நோயாளி கைகால் செயலிழந்தார். அடுத்த சில வாரங்களில் இன்னொருவர் உயிரிழந்தார். ஏப்ரலில் டன்ட்ச் தாமாக விலகியதாகக் காகிதம் சொன்னது. தரவு வங்கிக்கு அறிக்கை போகவில்லை. அவர்மீது தடை எதுவும் இல்லை என்ற கடிதத்துடன் வெளியேறினார். கோடையில் வேறொரு மருத்துவமனையில் அறுவைக்கூடத்தில் நின்றார். அங்கேயும் ஓர் உயிர் போயிற்று. மாநில மருத்துவ வாரியம் உரிமத்தை நிறுத்த 2013 ஜூன் ஆயிற்று. 2017இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சிறைவரை போன ஒரு வழக்கின் முதல் கட்டத்தில் மருத்துவமனை எழுதிக்கொடுத்தது நற்சான்று.

மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நடுநிலை தவறும். ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா சிறிய ஊர். அங்கே டிமதி பேட்ரிக் என்ற அறுவை மருத்துவர், உள்ளூர் மருத்துவர்களுடன் கூட்டுச் சேர மறுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். போட்டியாளர்களான மருத்துவர்களே உள்ளூர் மருத்துவமனைக் குழுவில் அமர்ந்து அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார். 1988இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, அதன் சூட்டில் வந்ததுதான் 1986 சட்டம். சக மருத்துவர்களை நேர்மையாக ஆராய்கிறவர்களை நட்டஈட்டு வழக்கிலிருந்து அது காப்பாற்றுகிறது. வங்கியில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் மருத்துவர் தம் தரப்பு விளக்கத்தைச் சேர்க்கலாம், மறுக்கலாம். ஆனால் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும். ஆகவே குழுவில் இருப்பவர் கை தயங்குவதில் மனிதநியாயம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நோயாளியின் தலையில் கட்டலாமா என்பதே கேள்வி.

தண்டனை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கடமை தவறிய மருத்துவமனைக்குக் கூட்டாட்சிச் சட்டம் தருவது, மேலே சொன்ன பாதுகாப்பை மூன்று ஆண்டு இழப்பது. நடவடிக்கையே எடுக்காத மருத்துவமனைக்கு அந்தப் பாதுகாப்பு எதற்கு? இழக்க ஒன்றுமில்லை. கலிஃபோர்னியா இதைப் புரிந்துகொண்டது. அங்கே 805ஆம் பிரிவின் கீழ் வேண்டுமென்றே தெரிவிக்காமல் விட்டால் 1,00,000 டாலர் வரை அபராதம். வேண்டுமென்றே அல்லாமல் தெரிவிக்கத் தவறினால் 50,000 வரை. பணம் கேட்டால் நிர்வாகக் குழு நிமிர்ந்து உட்காரும்.

கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பப்பட்ட அறிக்கைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வராதீர்கள். விலகல் கடிதங்களின் தேதியையும் விசாரணைக் குழுவின் கூட்டக் குறிப்புத் தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பத்தாண்டாக ஒன்றுமே தெரிவிக்காத பெரிய மருத்துவமனையைத் தணிக்கை செய்ய யாருக்கு அதிகாரம் வேண்டும் என்று விவாதியுங்கள். பார்வையிடல், கண்காணிப்பு என்ற பெயர்களில் நடப்பதை எந்தக் கோட்டில் நடவடிக்கையாக எண்ணுவது என்றும் பேசுங்கள். முதல் அமர்வு விலகல்களைப் பற்றியதுதான். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். கேள்விகளை அவர் முடித்தபின் வைத்துக்கொள்வோம்.